ஒரு மாலையில் நாற்பது ஓட்டங்கள்: குதிரை தேர்ந்தெடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ மாலை ஆறு மணிக்குக் கடைவீதியில் நடந்தால், குதிரைப் பந்தயம் எடுக்கும் ஏதாவதொரு ரேஸ் கடை வாசலில் நான்கைந்து பேர் ஓட்டங்கள் அச்சான ஒரே தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படி நின்றவன்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. எண்களோடு பழகியவன் என்பதால் குதிரைத் தாள் எளிதாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கினேன். முதல் இரண்டு வருடங்கள் தொடர்ந்து இழந்தேன். யாரும் எதையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்குள் கிடைப்பது காதோடு சொல்லும் ‘டிப்’ மட்டுமே. அந்த இரண்டு வருடங்களில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் ஒருவராவது அதே பள்ளத்தில் விழாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நிச்சயமாக வெல்லும் குதிரை என்று எதுவும் இல்லை. எல்லோரும் பணம் கட்டும் பேவரிட் குதிரைகூட ஏறத்தாழ மூன்று ஓட்டங்களில் ஒன்றில்தான் வெல்கிறது. மற்ற இரண்டில் தோற்கிறது. வெல்ல வாய்ப்புள்ள குதிரையை அடையாளம் காண்பது, அதற்குக் கிடைக்கும் விலை (வென்றால் கட்டிய பணத்துக்கு எவ்வளவு இலாபம் என்பது) சரியா என்று பார்ப்பது, தெரியாத ஓட்டங்களை விட்டுவிடுவது ஆகிய மூன்றுமே நம்மால் ஆகக்கூடியவை. மூன்றாவதுதான் மிகக் கடினம்.

1. பணத்தை வீட்டிலேயே பிரித்து வையுங்கள்

பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் அரிசி, பிள்ளைகளின் படிப்பு, கடைக் கடன், மின் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற அளவுக்கு ஒரு சிறு தொகையைத் தனி உறையில் போடுங்கள். அந்த மாதத்துப் பந்தயப் பணம் அவ்வளவுதான். அதை இருபது சம பங்காக்குங்கள். ஓர் ஓட்டத்துக்கு ஒரு பங்கு. இரண்டாயிரம் ரூபாய் என்றால் ஓட்டத்துக்கு நூறு.

தோற்றதை மீட்க அடுத்த ஓட்டத்தில் இரட்டிப்பாகக் கட்டுவது, தோழரிடம் கைமாற்று வாங்குவது, நகையை அடகு வைப்பது இவை மூன்றையும் தோட்டத்துத் தொடர்வீடுகளில் லயத்துக்கு லயம் பார்த்திருக்கிறேன். உறை காலியானால் அந்த மாதம் கடைக்குப் போகாதீர்கள். உங்களால் அப்படி நிறுத்த முடியவில்லை என்றால் இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் உங்களுக்கு உதவாது. வீட்டில் ஒருவரிடம் உடனே மனம் திறந்து பேசுங்கள்.

2. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இங்கிலாந்து ஓட்டங்களுக்கே பந்தயம் எடுக்கிறார்கள். தாளில் அச்சாகும் நேரம் சில வேளைகளில் அங்குள்ள நேரம். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை அங்கு கோடை நேரம். அப்போது நாம் அவர்களைவிட நான்கரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் ஐந்தரை மணித்தியாலம். அங்கு பிற்பகல் 2.00 மணி ஓட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30. குளிர்காலத்தில் அதே ஓட்டம் இரவு 7.30.

இந்த மாற்றம் தெரியாமல் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு 7.15க்குக் கடைக்குப் போனேன். மூன்று நாள் யோசித்துத் தேர்ந்த குதிரை. ஓட்டம் முடிந்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த எரிச்சலில் தெரியாத இன்னோர் ஓட்டத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

நேரத்தோடு கடைசி பஸ்ஸையும் சேர்த்து எண்ணுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தோட்டத்துக்குப் போக முச்சக்கரவண்டி பிடித்தால், வென்ற பணத்தில் பாதி அதற்கே போய்விடும். ஆறரையிலிருந்து எட்டுக்குள் நடக்கும் ஓட்டங்களை மட்டும் பார்ப்பது என் வழக்கம்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஓட்டங்களின் பட்டியல் முந்தைய நாளே உறுதியாகிவிடும். ஆகவே தாளை முந்தைய மாலையே வாங்கலாம், அல்லது கைப்பேசியில் பார்க்கலாம். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை நின்றபடி பத்து நிமிடத்தில் வாசித்து யாரும் சரியாகத் தேர்ந்தெடுத்ததில்லை. தாளோடு ஒரு பென்சில், ஒரு பழைய கொப்பி, தேசிய அடையாள அட்டை. கடையில் அனுமதிப்பத்திரம் தொங்குகிறதா என்று பாருங்கள். தெருவோரத்தில் வாய்மொழியாகப் பந்தயம் பிடிப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வென்றால் அவர் இருக்கமாட்டார், முறையிட இடமும் இராது.

வென்ற தொகையில் வரி அல்லது கழிவு பிடிக்கிறார்களா, எவ்வளவு, ஒரு துண்டுக்கு (பந்தயச் சீட்டுக்கு) உச்சத் தொகை என்ன என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். புதியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் பணம்.

4. நாற்பதை நான்காகக் குறையுங்கள்

ஒரு நாளில் நான்கைந்து மைதானங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு முதல் எட்டு ஓட்டங்கள். மொத்தம் முப்பது நாற்பது வந்துவிடும். இத்தனையையும் ஆராய நமக்கு நேரமில்லை, அறிவும் போதாது. ஆகவே குதிரையைத் தேடும் முன் ஓட்டங்களை வெட்டுங்கள். இதைப் பென்சிலால் கோடு போட்டே செய்யுங்கள்.

இரண்டு வயதுக் குதிரைகள் முதன்முறை ஓடும் ஓட்டங்களை வெட்டுங்கள். தாளில் அவற்றைப் பற்றி வாசிக்க எதுவும் இல்லை. பதினாறு, இருபது குதிரைகள் ஓடும் பெரிய ஹெண்டிகெப் ஓட்டங்களை வெட்டுங்கள். அங்கு எல்லாக் குதிரைகளையும் சமப்படுத்தவே எடை ஏற்றியிருக்கிறார்கள். புதியவர் ஆசைப்படும் கிராண்ட் நெஷனல் என்ற தடை தாண்டும் ஓட்டம் இதற்கு நல்ல உதாரணம். நான்கு மைலுக்கு மேல் தூரம், 30 தடைகள், 2024 முதல் குறைத்த பிறகும் 34 குதிரைகள். அதில் ஓர் ஐம்பது ரூபாய் ஆசைக்குக் கட்டலாம், ஆராய்ச்சி செய்து கட்ட வேண்டிய ஓட்டம் அதுவல்ல.

மழை வந்து தரை மாறிக்கொண்டிருக்கும் மைதானத்தை முழுவதுமாக வெட்டுங்கள். மூன்று நான்கு குதிரைகள் மட்டும் ஓடும் ஓட்டத்தில் விலை மிகக் குறைவாக இருக்கும், அதையும் விடுங்கள்.

மிஞ்சுவது ஏழு முதல் பன்னிரண்டு குதிரைகள், எல்லாமே ஐந்தாறு முறையாவது ஓடியவை, தரை நிலையாக இருக்கும் மைதானம். தொடக்கத்தில் செயற்கைத் தரை மைதானங்களையே பாருங்கள். லிங்ஃபீல்ட், கெம்ப்டன், வுல்வர்ஹாம்ப்டன், நியூகாசில், செம்ஸ்ஃபோர்ட், சவுத்வெல் ஆகிய ஆறும் அப்படிப்பட்டவை. அங்கு மழை அவ்வளவாகக் குழப்புவதில்லை. அதே குதிரைகள் அதே தரையில் திரும்பத் திரும்பச் சந்திக்கின்றன. சவுத்வெல்லில் மட்டும் ஒரு கவனம் தேவை. 2021இல் அங்கு தரையின் பொருளையே மாற்றினார்கள். அதற்கு முந்தைய வெற்றிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

5. இலக்கங்களை வலப்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

குதிரையின் பெயருக்கு முன்னால் 1124-60 என்பதுபோல் ஒரு வரிசை இருக்கும். அது அந்தக் குதிரை கடைசியாக ஓடிய ஓட்டங்களில் பெற்ற இடங்கள். நான் முதல் மூன்று மாதங்கள் இதை இடப்பக்கத்திலிருந்து வாசித்தேன். ‘கடைசி இரண்டிலும் முதலிடம்’ என்று மகிழ்ந்து கட்டினேன். உண்மையில் ஆகக் கடைசி ஓட்டம் வலப்பக்க ஓரத்தில் இருக்கிறது. அங்கே இருந்தது பூச்சியம். பூச்சியம் என்றால் பத்தாம் இடம் அல்லது அதற்கும் பின்னால். கடையில் என்னோடு நின்ற ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர்தான், “தம்பி, பேப்பரை இடமிருந்து வாசி, குதிரையை வலமிருந்து வாசி” என்று சொல்லித் திருத்தினார். அவரை நான் இன்றும் மாமா என்றே அழைக்கிறேன்.

சிறு கோடு ஒரு பருவத்தின் எல்லை. சாய்ந்த கோடு ஒரு முழுப் பருவம் ஓடாமல் இருந்ததைக் காட்டுகிறது. தடை தாண்டும் ஓட்டங்களில் இலக்கத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து வரும். ‘எப்’ என்றால் விழுந்தது, ‘யு’ என்றால் ஜொக்கி (குதிரையை ஓட்டுபவர்) கீழே விழுந்துவிட்டார், ‘பி’ என்றால் இடையில் நிறுத்திவிட்டார்கள். பெயருக்கு அருகில் ‘சி’ இருந்தால் இதே மைதானத்தில் வென்றிருக்கிறது, ‘டி’ இருந்தால் இதே தூரத்தில் வென்றிருக்கிறது, இரண்டும் சேர்ந்து ‘சிடி’ என்று வந்தால் இதே மைதானத்தில் இதே தூரத்தில் வென்றிருக்கிறது. இந்தச் ‘சிடி’யை நான் மிகவும் மதிக்கிறேன். ‘பிஎப்’ என்றால் கடந்த முறை பேவரிட்டாக இருந்து தோற்றது.

இலக்கம் மட்டும் போதாது. மூன்றாம் இடம் என்றால் எத்தனை குதிரைகளில் மூன்றாவது, எந்தத் தரத்தில் மூன்றாவது என்று பாருங்கள். அங்கு ஓட்டங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். தரம் 1 உச்சம், எண் கூடக் கூடத் தரம் இறங்கும். தரம் 3இல் ஐந்தாவதாக வந்த குதிரை இன்று தரம் 5இல் ஓடினால், தரம் 6இல் வென்று மேலே வருகிற குதிரையைவிட அதையே நான் எடுப்பேன். தாளில் பார்த்தால் 5, 1 என்ற இலக்கங்கள் நேர்மாறாகச் சொல்லும்.

எத்தனை நாட்களுக்கு முன் ஓடியது என்பதும் தாளில் இருக்கும். நூறு நாட்களுக்கு மேல் ஓடாத குதிரையைப் புதியவர் தொட வேண்டாம்.

6. தரையைப் பாருங்கள், இங்கேதான் பணம் தொலைகிறது

நாம் மலை நாட்டுக்காரர்கள். மழையில் நனைந்த ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடையோடு நடப்பதற்கும், வெயிலில் காய்ந்த பாதையில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிலர் சேற்றில் வழுக்காமல் போவார்கள். சிலருக்குக் காய்ந்த தரையில்தான் வேகம் வரும். குதிரையும் அப்படியே.

புல் மைதானத்தின் தரையைக் கடினத்திலிருந்து சேறு வரை வரிசைப்படுத்துகிறார்கள்: ஃபேர்ம், குட் டு ஃபேர்ம், குட், குட் டு சொஃப்ட், சொஃப்ட், ஹெவி. ஃபேர்ம் காய்ந்த கடினத் தரை. ஹெவி காலை உள்ளே இழுக்கும் சேறு. ஒவ்வொரு குதிரையும் வென்ற ஓட்டங்களின் தரை எது என்று கொப்பியில் எழுதுங்கள். ஒரு குதிரையின் மூன்று வெற்றிகளும் சொஃப்ட் தரையில் வந்திருந்து இன்று தரை குட் டு ஃபேர்ம் என்றால், கடைசி இலக்கம் 1 ஆக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். கடந்த மூன்று முறை காய்ந்த தரையில் 6, 7, 8 என்று வந்த குதிரை, தனக்குப் பிடித்த சேறு கிடைக்கும் நாளில் திடீரென்று வெல்லும். அன்று அதன் விலையும் நன்றாக இருக்கும், ஏனென்றால் கடையில் நிற்கும் பலர் இலக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

சேற்றில் பத்துக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றதைப் பார்த்து மயங்காதீர்கள். மற்றக் குதிரைகள் களைத்து நடந்திருக்கும். அதே வித்தியாசம் காய்ந்த தரையில் வராது.

இதில் ஒரு பொறி உண்டு. தாளில் அச்சான தரை முந்தைய நாளின் தரை. இரவு மழை பெய்தால் மறுநாள் காலையில் அறிவிப்பு மாறிவிடும். தரை பிடிக்காது என்று சில குதிரைகளை விலக்கியும்விடுவார்கள். பணம் கட்டும் முன் கடையின் திரையில் அன்றைய தரையை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் முந்தைய இரவு செய்த கணக்கைக் கிழித்துப் போடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும்.

7. தூரம், பாதை, வாசல் எண்

எட்டு பர்லாங் ஒரு மைல். ஒரு பர்லாங் ஏறத்தாழ 201 மீட்டர். ஐந்து பர்லாங்கில் வெல்லும் குதிரை ஏழு பர்லாங்கில் கடைசி இருநூறு மீட்டரில் மூச்சிழந்து பின்தங்கும். பழகிய தூரத்திலிருந்து ஒரு பர்லாங் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் மாறினால் சந்தேகப்படுங்கள்.

மைதானங்கள் எல்லாம் ஒரே வடிவமல்ல. எப்சம் இறக்கமும் வளைவும் நிறைந்த இடப்பக்கப் பாதை. அஸ்கொட் வலப்பக்கம் திரும்புவது. செஸ்டர் ஒரு சிறிய வட்டம், பெரும்பாலும் வளைவுதான். அங்கு உள்வேலிக்கு அருகிலுள்ள சிறிய எண் வாசலில் புறப்படும் குதிரைக்குக் குறுந்தூர ஓட்டங்களில் பெரிய அனுகூலம். ஐந்து பர்லாங் ஓட்டத்தில் வெளிப்பக்கப் பெரிய எண் வாசல் கிடைத்த குதிரை எவ்வளவு நல்லதானாலும் நான் அங்கு கட்டுவதில்லை. வாசல் எண் தாளில் குதிரையின் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சிறிதாக இருக்கும். குதிரையின் எண் வேறு, வாசல் எண் வேறு. துண்டு எழுதும்போது இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

8. எடையை இறாத்தலில் கணக்கிடுங்கள்

குதிரை சுமக்கும் எடை தாளில் 9-7 என்று இருந்தால் ஒன்பது ஸ்டோன், ஏழு இறாத்தல் (பவுண்ட்). ஒரு ஸ்டோன் பதினான்கு இறாத்தல். ஆக 133 இறாத்தல். ஹெண்டிகெப் ஓட்டத்தில் வல்ல குதிரைக்குக் கூடுதல் எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றுகிறார்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு இது. ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீள வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு இறாத்தலுக்குச் சமம். ஐந்து பர்லாங் ஓட்டத்தில் மூன்று இறாத்தல். ஒன்றரை மைலுக்கு மேல் ஓர் இறாத்தல். கடந்த மாதம் ஒரு மைலில் கறுப்புக் குதிரை சிவப்புக் குதிரையை இரண்டு நீளத்தில் வென்றது என்று வையுங்கள். அது நான்கு இறாத்தல் மேன்மை. இன்று இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். கறுப்புக்கு அன்றைவிட ஆறு இறாத்தல் கூடியிருக்கிறது, சிவப்புக்கு மாற்றமில்லை. கணக்குப்படி இன்று சிவப்பு ஒரு நீளம் முன்னால் வர வேண்டும். ஆனால் கடையில் எல்லோரும் ‘போன முறை கறுப்புதானே வென்றது’ என்று கறுப்பில் கட்டுவார்கள்.

பழகுநர் ஜொக்கிகளுக்கு 3, 5, அல்லது 7 இறாத்தல் எடைச் சலுகை உண்டு. நல்ல பழகுநருக்கு ஏழு இறாத்தல் கிடைத்தால் அது பெரிய உதவி. ஆனால் அனுபவமில்லாதவர் வளைவில் இழப்பது அதைவிட அதிகமாக இருக்கலாம். நான் மூன்று, ஐந்து இறாத்தல் சலுகையை நம்புகிறேன், ஏழு இறாத்தலை அவ்வளவாக நம்புவதில்லை.

9. ஜொக்கியும் பயிற்றுநரும்

பிரபல ஜொக்கியின் பெயரைப் பார்த்துக் கட்டாதீர்கள். அவர் பெயராலேயே விலை குறைந்திருக்கும். பயிற்றுநரின் குதிரைகள் கடந்த இரண்டு வாரங்களில் எப்படி ஓடின என்று பாருங்கள். ஒரு தொழுவத்தில் நோய் வந்தால் எல்லாக் குதிரைகளும் ஒன்றாகத் தோற்கும்.

10. விலை சரியா?

இதுவரை சொன்னதெல்லாம் ‘எது வெல்லும்’ என்ற கேள்விக்கு. அதைவிட முக்கியம் ‘இந்த விலைக்குக் கட்டலாமா’ என்பது.

விலை 5/2 என்றால், இரண்டு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் இலாபம். நூறு ரூபாய் கட்டி வென்றால் 250 இலாபம், கட்டிய நூறோடு 350 கையில். அந்த விலை சொல்லும் வாய்ப்பை அறிய, வலப்பக்க எண்ணை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 2ஐ 7ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 29. அதாவது நூறு முறை ஓடினால் 29 முறை வெல்லும் என்று விலை சொல்கிறது. 10/1 என்றால் நூற்றுக்கு 9. 4/6 என்றால் நூற்றுக்கு 60.

இப்போது நான்கு குதிரைகள் ஓடும் ஓட்டத்தில் விலைகள் 1/1, 2/1, 4/1, 6/1 என்று வையுங்கள். வாய்ப்புகள் 50, 33, 20, 14. கூட்டிப் பாருங்கள், 117க்கு மேல் வரும். நூறுதானே வர வேண்டும்? மிச்சம் கடையின் பங்கு. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிறார்களே, அதுபோல் ஒவ்வொரு பந்தயத்திலும் நம்மிடம் முன்கூட்டியே கழிக்கப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஓட்டங்களிலும் கட்டினால் நெடுநாளில் இழப்பது உறுதி என்பதற்குக் காரணம் இந்தக் கழிவுதான்.

ஆகவே விலையைப் பார்க்கும் முன், நீங்களே நினைக்கும் வாய்ப்பைக் கொப்பியில் எழுதுங்கள். ‘நான்கில் ஒன்று வெல்லும்’ என்று எழுதியிருந்தால் 3/1க்கு மேல் கிடைத்தால் மட்டும் கட்டுங்கள். 2/1 என்றால் நல்ல குதிரைதான், ஆனால் உங்களுக்கு நட்டம். விடுங்கள். நான் தேர்ந்த குதிரைகளில் பாதிக்கு மேல் இப்படி விலைக்காகவே விட்டவை. அவற்றில் சில வெல்லும். அப்போது மனம் கொதிக்கும். இதில் பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

11. துண்டு எழுதும்போது

‘வின்’ (குதிரை வெல்வதற்கு) மட்டும் கட்டுங்கள். புதியவருக்கு அதுவே போதும்.

‘ஈச்-வே’ என்றால் இரண்டு பந்தயங்கள்: ஒன்று வெல்வதற்கு, ஒன்று இடம் பிடிப்பதற்கு. நூறு ஈச்-வே என்றால் இருநூறு ரூபாய். இங்கிலாந்து வழக்கப்படி ஹெண்டிகெப் அல்லாத ஓட்டத்தில் எட்டுக் குதிரைகளோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. எட்டுக் குதிரைகள் ஓடும் ஓட்டத்தில் 8/1 குதிரை மூன்றாவதாக வந்தால் 260 ரூபாய் திரும்ப வரும், அறுபது ரூபாய் இலாபம். ஆனால் அதே ஓட்டத்தில் 3/1 குதிரை இரண்டாவதாக வந்தால் 160தான் வரும். இடம் பிடித்தும் நாற்பது ரூபாய் நட்டம். குறைந்த விலைக் குதிரையில் ஈச்-வே எழுதாதீர்கள். கடைக்குக் கடை விதி வேறுபடும், எழுதும் முன் கேளுங்கள்.

டபுள் (இரண்டு குதிரைகளும் வெல்ல வேண்டும்), ட்ரெபிள் (மூன்றும் வெல்ல வேண்டும்), இவற்றைச் சேர்த்து நான்கு குதிரைகளில் எழுதும் யாங்கி ஆகியவைதான் நம் கடைகளில் அதிகம் ஓடுகின்றன. இருபது ரூபாய்க்கு இலட்சம் என்ற கனவு அது. நான்கு குதிரைகளில் யாங்கி எழுதினால் பதினொரு பந்தயங்கள், அதாவது இருபது ரூபாய் யாங்கிக்கு 220 ரூபாய். நான்கில் ஒன்று மட்டும் வென்றால் ஒரு சதமும் வராது. நான்கு பேவரிட்டும் ஒரே நாளில் வெல்ல வாய்ப்பு என்ன? மூன்றில் ஒன்றை நான்கு முறை பெருக்குங்கள்: எண்பத்தொன்றில் ஒன்று. ஒவ்வொரு குதிரையிலும் உள்ள கழிவும் அப்படியே பெருகுகிறது.

துண்டில் மைதானம், நேரம், குதிரையின் பெயர், பந்தய வகை, தொகை ஆகிய ஐந்தும் தெளிவாக இருக்க வேண்டும். கடையின் பிரதியை வாங்கி, கருமபீடத்தை விட்டு நகரும் முன் வாசியுங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் பிறகு வாக்குவாதமாகும்.

12. ஏப்ரலில் நுவரெலியா மைதானத்துக்குப் போவதானால்

புத்தாண்டுக் காலத்தில் நுவரெலியாவில் ஓட்டங்கள் நடக்கும். தேதியை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக பஸ் இருக்கிறது. ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வசந்தகால நெரிசலில் வழக்கமான நேரம் இரட்டிப்பாகும், அதிகாலையில் புறப்படுங்கள். அறை வாடகை பல மடங்கு ஏறுவதால் அன்றே திரும்புவது நல்லது. ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். ஏப்ரல் பிற்பகலில் இடியோடு மழை இறங்குவது நமக்குப் புதிதல்ல. காலை முதல் ஓட்டத்துக்கும் மாலைக் கடைசி ஓட்டத்துக்கும் தரை வேறாகிவிடலாம்.

இங்கே தாளைவிடக் கண் உதவும். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்துக்குப் போய் வேலியோரம் நில்லுங்கள். உடல் பளபளக்கிறதா, கால்களைத் தாராளமாக வீசி நடக்கிறதா, காதுகள் சுற்றியுள்ளதைக் கவனிக்கின்றனவா என்று பாருங்கள். இத்தனை குளிரில் கழுத்திலும் பின்தொடைகளுக்கு இடையிலும் நுரை நுரையாக வியர்க்கும் குதிரை, ஓடும் முன்பே சக்தியை இழந்துகொண்டிருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. குதிரை மேலே வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று குதிரைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். “அண்ணன், இது எப்போது வந்தது?” என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எது வெல்லும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

13. முடிவு உறுதியாகும் வரை துண்டைக் கிழிக்காதீர்கள்

குதிரை கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் முடிந்துவிடவில்லை. ஜொக்கிகள் மறுபடி எடை பார்க்க வேண்டும். ஒரு குதிரை மற்றதன் பாதையை மறித்திருந்தால் நடுவர்கள் விசாரிப்பார்கள், இடங்கள் மாறலாம். எடை பார்த்து முடிவை உறுதிசெய்ததாக அறிவித்த பிறகே பணம்.

ஒரு மாலை என் குதிரை தலை வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. 7/1 விலை, இருநூறு ரூபாய் கட்டியிருந்தேன். துண்டை நான்காகக் கிழித்து வாசலில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் தாளில் பார்த்தால், விசாரணையில் முதலாவதைப் பின்தள்ளி என் குதிரைக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். ஓடிப்போய்க் கடையில் கேட்டேன். துண்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்றார்கள். விதி அப்படித்தான், துண்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது, நான்தான் வாசித்திருக்கவில்லை. அந்த 1,600 ரூபாய் போனதுதான். இப்போது தோற்ற துண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறேன். மறுநாள் காலையில் முடிவுகளோடு ஒப்பிட்டு, தரை, தூரம், எடை, நான் எழுதிய வாய்ப்பு, கிடைத்த விலை ஆகியவற்றைக் கொப்பியில் பதிந்த பிறகே அதைக் கிழிக்கிறேன்.